தலைக்கு எவ்வளவு? ஜப்பானையும் நம்மையும் எப்படி ஒப்பிடுவது?

வைகை வடகரை

கீழமாசி வீதியில் ஒரு பலசரக்கு மண்டியில் இருபது வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். மகள் குரூப் 2 தேர்வுக்குப் படிக்கிறாள். நேற்று ராத்திரி சாப்பிட உட்கார்ந்தபோது அவள் கேட்ட கேள்விக்கு என்னிடம் பாதிப் பதில்தான் இருந்தது. மீதிக்காக இங்கே வந்திருக்கிறேன்.

இந்தியப் பொருளாதாரம் ஜப்பானைத் தாண்டி நாலாவது இடத்துக்கு வந்துவிட்டது என்று 2025 மே மாதம் நிதி ஆயோக் தலைமைச் செயல் அதிகாரி சொன்னது எல்லோருக்கும் நினைவிருக்கும். "அப்படியென்றால் ஜப்பான்காரர்கள் அளவுக்கு நாமும் வசதியாகிவிட்டோமா அப்பா?" என்றாள். இல்லையம்மா, அது மொத்தக் கணக்கு என்றேன். மண்டியில் வருஷ லாபம் அதே தொகைதான். பங்காளி மூன்று பேர் என்றால் கைக்கு வருவது ஒன்று, முப்பது பேர் என்றால் வேறொன்று. இரண்டு நாட்டின் மொத்த உற்பத்தியும் 4 லட்சம் கோடி டாலரைச் சற்றே தாண்டும். ஜப்பானில் 12 கோடிச் சொச்சம் பேர், நம்மிடம் 140 கோடிக்கு மேல். வகுத்தால் அவர்களுக்குத் தலைக்கு 34,000 டாலர் அளவில் வருகிறது, நமக்கு 3,000 டாலருக்கும் கீழே.

சரி என்று கேட்டுக்கொண்டவள், "அப்போ ஒரு ஜப்பான்காரர் நம்மைப் போலப் பன்னிரண்டு மடங்கு சாப்பிடுகிறாரா, பன்னிரண்டு மடங்கு நல்ல வீட்டில் இருக்கிறாரா?" என்றாள். அங்கேதான் நின்றுவிட்டேன். இந்த எண் எதைச் சொல்கிறது, எதை விட்டுவிடுகிறது? தெரிந்தவர்கள் பொறுமையாகச் சொல்லுங்கள். அவளும் பக்கத்தில் உட்கார்ந்து படிக்கிறாள்.

மேலூர்–தேக்கா

அண்ணே, பாப்பா சரியான இடத்தில் கை வைத்திருக்கிறது. சிங்கப்பூரில் எனக்குப் பதினான்கு வருடம். தேக்கா பக்கம் முடி வெட்ட 10 வெள்ளி கொடுக்கிறேன், நம் காசில் 650 ரூபாய்க்குக் குறையாது. ஊருக்கு வந்தால் மேலூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் 120 ரூபாய். அதே கத்தரி, அதே சீப்பு, அதே இருபது நிமிஷம். எனக்கு அங்கே வெட்டுகிறவரும் திருவாடானைக்காரர்தான். டாலரில் மாற்றிக் கூட்டினால் அவர் அங்கே வெட்டிய முடி ஐந்து பங்கு உற்பத்தியாகவும், மேலூரில் வெட்டியது ஒரு பங்காகவும் ஏறும்.

பரங்குன்றம்

கல்லூரியில் பொருளியல் நடத்தி ஓய்வு பெற்றவன். மேலூர்த் தம்பி சொன்ன முடிவெட்டுக் கதையைத்தான் நானும் வகுப்பில் சொல்வேன். அதற்குக் காரணம் உண்டு. ஒரு நாட்டில் தொழிற்சாலைகளில் ஓர் ஆள் ஒரு மணி நேரத்தில் செய்யும் சரக்கு கூடக் கூட அங்கே சம்பளம் ஏறுகிறது. முடி வெட்டுகிறவர் முன்பைவிட வேகமாக வெட்டுவதில்லை. ஆனாலும் அவருக்கும் அந்தச் சம்பளத்தை ஒட்டிக் கொடுக்காவிட்டால் அவர் தொழிற்சாலைக்குப் போய்விடுவார். அதனால்தான் பணக்கார நாட்டில் சேவைக்கெல்லாம் விலை கூடுதல். பலாஸா, சாமுவேல்சன் என்ற இருவர் 1964-ல் தனித்தனியாக இதை எழுதினார்கள்.

இதைச் சரிக்கட்டத்தான் வாங்கும் திறன் கணக்கு வந்தது. பல நாடுகளில் ஒரே மாதிரிப் பொருள்களின், சேவைகளின் விலையைத் திரட்டி ஒப்பிடுவார்கள். 1968-ல் ஐ.நா.வும் பென்சில்வேனியா பல்கலைக்கழகமும் தொடங்கிய வேலை, இப்போது உலக வங்கி ஒருங்கிணைக்கிறது. அந்தக் கணக்குப்படி அமெரிக்காவில் ஒரு டாலருக்குக் கிடைப்பது இந்தியாவில் ஏறக்குறைய 20 ரூபாய்க்குக் கிடைக்கிறது. சந்தையில் ஒரு டாலர் வாங்க அதைப் போல நாலு மடங்குக்கு மேல் கொடுக்கிறோம். இப்படித் திருத்தினால் ஜப்பானுக்கும் நமக்கும் உள்ள பன்னிரண்டு மடங்கு இடைவெளி நாலரை, ஐந்து மடங்காகக் குறையும். உங்கள் மகள் கேட்ட சாப்பாடு, வீடு பற்றிய கேள்விக்கு இதுதான் கிட்டத்து விடை.

ஆனால் இந்த எண்ணும் கல்வெட்டு ஆகிவிடாது. 2005-ம் ஆண்டு விலைகளைத் திரட்டி 2007 டிசம்பரில் வெளியிட்டபோது, சீனாவின் கணக்கும் இந்தியாவின் கணக்கும் ஏறக்குறைய 40 சதவீதம் இறங்கின. ஊரில் யாரும் ஒரே ராத்திரியில் ஏழையாகிவிடவில்லை. விலையைத் திரட்டிய முறை சரியானது, அதுவரை வைத்திருந்த பழைய ஊகம் போனது.

கப்பலூர் பட்டறை

ஐயாவுக்கு வணக்கம். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. சிட்கோவில் சின்னப் பட்டறை வைத்திருக்கிறேன். போன வருடம் ஒரு ஜப்பான் கடைசல் மெஷின் வாங்கினேன். பழையதுதான், இருந்தும் இரண்டு வங்கியில் ஏறி இறங்க வேண்டியிருந்தது. எனக்கு யாரும் 20 ரூபாய்க்கு ஒரு டாலர் தரவில்லை. பில் வந்தது யென்னில், கட்டியது சந்தை மாற்று விலையில். பெட்ரோல் அப்படி, செல்போனுக்குள் இருக்கும் சில்லு அப்படி, பையனை வெளிநாட்டுக்குப் படிக்க அனுப்பினால் அதுவும் அப்படி. இட்லி மலிவு, முடிவெட்டு மலிவு என்று மனதைத் தேற்றிக்கொண்டால் நாம் எவ்வளவு பின்னால் நிற்கிறோம் என்பது கண்ணில் படாமல் போகும். ஜப்பானில் அந்த மெஷினைச் செய்தவர் ஒரு மாதச் சம்பளத்தில் வாங்குவதை என் பட்டறைத் தம்பி வாங்க ஒரு வருடம் உழைக்க வேண்டும்.

பரங்குன்றம்

கப்பலூர்த் தம்பி சொல்வதை முழுதாக ஏற்கிறேன். உள்ளூரில் எப்படி வாழ்கிறோம் என்று கேட்டால் வாங்கும் திறன் கணக்கு. வெளியே போய் எதை வாங்க முடியும், எவ்வளவு கடன் அடைக்க முடியும் என்று கேட்டால் சந்தை மாற்று விலை. எந்தக் கேள்விக்கு எந்த எண் என்பதைச் சொல்லாமல் ஒன்றை மட்டும் தூக்கிக் காட்டும்போதுதான் வம்பு வருகிறது. 2020 அக்டோபரில் பன்னாட்டு நிதியம் அந்த ஆண்டுக்கு வங்கதேசத்துக்குத் தலைக்கு 1,888 டாலர், இந்தியாவுக்கு 1,877 டாலர் என்று மதிப்பிட்டதும் ஒரு வாரம் தொலைக்காட்சியெல்லாம் அதே பேச்சு. வாங்கும் திறனில் அப்போதும் நாம்தான் மேலே இருந்தோம். அதைச் சொன்னவர்கள் குறைவு.

உசிலை மல்லி

மாற்று விலை ஆட்டத்துக்கு இலங்கையைப் பாருங்கள். 2022-ல் ஒரு டாலர் 200 ரூபாயாக இருந்தது இரண்டே மாதத்தில் 360-ஐத் தொட்டது. அங்கே உற்பத்தியும் சரிந்தது உண்மைதான். ஆனால் டாலரில் வகுத்தபோது விழுந்த விழுக்காடு வயலிலும் கடையிலும் விழுந்ததைவிட ரொம்பப் பெரியது.

எங்களுக்கு இது பழகின விஷயம். மல்லி போட்டிருக்கிறோம், அரை ஏக்கர். இருட்டோடு தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மொட்டுப் பறிப்போம், விடிந்து மலர ஆரம்பித்துவிட்டால் மாட்டுத்தாவணியில் விலை போகாது. மார்கழி, தைப் பனியில் செடி கருகின மாதிரி நிற்கும், நாள் முழுக்கப் பறித்தாலும் இரண்டு கிலோ தேறாது. ஆனால் கிலோ 2,000, 3,000 என்று போகும். கோடையில் கூடை கூடையாக வரும், விலை 200-க்கு வந்துவிடும். ரூபாயை மட்டும் எழுதிப் பார்த்தால் தையில் நான் பெரிய உற்பத்தியாளன். எடையை எழுதினால் சித்திரையில்தான் பெரிய ஆள். அரசாங்கக் கணக்கில் 'நிலையான விலை' என்று ஒன்று போடுகிறார்களே, அது இதற்குத்தான் என்று எனக்கு ஒரு விவசாய அலுவலர் புரியவைத்தார். ஒரு வருடத்து விலையை நிறுத்தி வைத்துக்கொண்டு மற்ற வருடங்களை அதிலே மதிப்பிடுவது.

மேலூர்–தேக்கா

வகுக்கிற எண்ணைப் பற்றி யாரும் இன்னும் பேசவில்லை, அதுதான் என்னை ரொம்ப நாளாக அரிக்கிறது. லக்சம்பர்க் எப்போதும் பட்டியலின் உச்சியில் இருக்கும், தலைக்கு ஒரு லட்சம் டாலருக்கு மேல். அங்கே வேலை செய்கிறவர்களில் பாதிக்குக் கொஞ்சம் குறைவானவர்கள் பிரான்ஸ், ஜெர்மனி, பெல்ஜியத்திலிருந்து காலையில் வந்து சாயங்காலம் வீட்டுக்குப் போகிறவர்கள். இரண்டு லட்சம் பேருக்கு மேல். அவர்கள் செய்கிற வேலை மேலே கூட்டலில் சேருகிறது, அவர்கள் தலை கீழே வகுத்தலில் இல்லை.

சிங்கப்பூரில் அப்படியில்லை. 60 லட்சம் பேர் என்று சொல்லும் தொகையில் என்னைப் போல வெளியிலிருந்து வந்து வேலை பார்க்கிறவர்களும், படிக்கிறவர்களும், உடன் வந்த குடும்பத்தாரும் சேர்த்தி, கிட்டத்தட்ட 18, 19 லட்சம். அதாவது சிங்கப்பூருக்குச் சொல்லும் 80,000 அமெரிக்க டாலருக்கு மேற்பட்ட சராசரியை வகுக்கும்போது என் தலையும் எண்ணப்படுகிறது. எங்கள் விடுதி அறையில் பன்னிரண்டு கட்டில். அந்தப் பன்னிரண்டு பேருக்கும் தலைக்கு 80,000 டாலர் என்று ஏட்டில் இருக்கிறது. எங்களில் யாருக்கும் அதில் பத்தில் இரண்டு பங்குகூடக் கைக்கு வருவதில்லை. மாதா மாதம் மேலூருக்கு அனுப்புகிற பணத்துக்கு உற்பத்தி நடந்த இடம் சிங்கப்பூர். அந்தப் பணத்தில் அம்மா கட்டிய வீட்டின் கொத்தனார் கூலி மாதிரி ஊரில் நடந்த வேலை மட்டும்தான் மதுரை மாவட்ட உற்பத்தி.

பரங்குன்றம்

தம்பி, இந்த ஒரு பதிவை மட்டும் எங்கள் பழைய மாணவர்களுக்கு அனுப்பப் போகிறேன். உற்பத்தி எந்த மண்ணில் நடந்தது என்பது ஒரு கணக்கு, அது யாருக்குச் சொந்தமாகப் போனது என்பது இன்னொரு கணக்கு. இரண்டும் பிரியும்போது என்ன ஆகும் என்பதற்கு அயர்லாந்து நல்ல சாட்சி. 2015-ல் அந்த நாடு ஒரே வருடத்தில் 26 சதவீதம் வளர்ந்ததாக அறிவித்தார்கள். புதிதாக அங்கே வயலோ ஆலையோ முளைத்துவிடவில்லை. பெரிய பன்னாட்டு நிறுவனங்கள் வரிக்காகத் தங்கள் காப்புரிமைகளை ஏட்டளவில் அயர்லாந்துக்கு மாற்றின, அதிலிருந்து வரும் லாபமெல்லாம் அயர்லாந்து உற்பத்தியாகிவிட்டது. அவர்களுடைய புள்ளிவிவர அலுவலகமே இதை வைத்துக்கொண்டு மக்கள் நிலையைப் பேச முடியாது என்று, திருத்திய தேசிய வருமானம் என்ற தனி அளவை 2017-லிருந்து வெளியிடுகிறது. 2022-ல் அது ஜிடிபியில், அதாவது நாம் பேசிக்கொண்டிருக்கும் மொத்த உள்நாட்டு உற்பத்தியில், பாதியைச் சற்றே தாண்டியது.

கயானாவும் அப்படித்தான். தென் அமெரிக்காவில் எட்டு லட்சம் பேர் உள்ள நாடு. 2019 டிசம்பரில் கடலில் எண்ணெய் எடுக்கத் தொடங்கினார்கள், 2022-ல் மட்டும் பொருளாதாரம் 60 சதவீதத்துக்கு மேல் வளர்ந்தது. அங்கே போட்ட ஒப்பந்தப்படி எண்ணெயில் 75 சதவீதம் வரை முதலில் செலவுக்காக நிறுவனங்கள் எடுத்துக்கொள்ளலாம், மீதியைப் பாதிப் பாதி, அதற்கு மேல் 2 சதவீதம் ராயல்டி. மண்டிக் கணக்குப் போடுங்கள். செலவு முழுக்கக் காட்டப்படும் வருடத்தில் 100 ரூபாய் எண்ணெயில் நாட்டுக்கு வருவது 14.50.

அழகர்மலை அடிவாரம்

100-க்குப் பதினாலரை என்றதும் எனக்குக் கயானா போய்விட்டது, மேலூர் கிரானைட்தான் கண்ணில் நிற்கிறது. அரசு ஏட்டில் ஏறாமல் எவ்வளவு கல் போனது என்று விசாரிக்கத்தான் 2014-ல் உயர் நீதிமன்றம் ஐ.ஏ.எஸ். அதிகாரி சகாயத்தை நியமித்தது. ஏட்டில் ஏறாத கல் உற்பத்தியிலும் இல்லை. ஏட்டில் ஏறிய கல்லுக்கு விலை கூட்டப்பட்டது, போன குன்றுக்கு எதுவும் கழிக்கப்படவில்லை.

அரிட்டாபட்டி எங்கள் வீட்டிலிருந்து பக்கம். ஏழு குன்று, ஊற்று, சமணர் படுகை, பாண்டியர் காலத்துக் குடைவரைச் சிவன் கோயில். 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவித்தார்கள். இரண்டே வருடத்தில் அந்தப் பகுதியை டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டார்கள். 2025 ஜனவரியில் மேலூர்ப் பக்கத்து ஊர்களெல்லாம் கிளம்பி மதுரைக்கு நடந்தோம். நானும் பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தேன். அந்த மாதமே ஏலம் ரத்தானது. சுரங்கம் வந்திருந்தால் மதுரை மாவட்டத்தின் தலா உற்பத்தி கட்டாயம் ஏறியிருக்கும். கண்மாய்த் தண்ணீரும் குன்றும் போனதை அந்த எண்ணில் எங்கே தேடுவது?

பரங்குன்றம்

தேட முடியாது அம்மா, இன்றைய ஜிடிபியில் அதற்கு இடமில்லை. 2025 மார்ச்சில் ஐ.நா. புள்ளிவிவர ஆணையம் ஏற்றுக்கொண்ட புதிய கணக்கு முறையில், இயற்கை வளம் தீர்ந்துபோவதை நிகர உற்பத்தியில் செலவாகக் கழிக்கச் சொல்லியிருக்கிறார்கள். நாடுகள் அதை நடைமுறைக்குக் கொண்டுவர இன்னும் பல வருடங்கள் ஆகும்.

சுங்குடி முடிச்சு

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டே இருந்தேன். என் அம்மா நாற்பது வருடமாகச் சுங்குடிக்கு முடிச்சுப் போடுகிறார். துணியை நகத்தால் கிள்ளி, நூலைச் சுற்றி இறுக்கி, அடுத்ததைக் கிள்ளுவார். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு. சாயத்தில் முக்கி எடுத்து உலர்ந்த பிறகு துணியை இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தால் படபடவென்று அவிழும், முடிச்சு இருந்த இடமெல்லாம் வெள்ளைப் புள்ளி. 2005-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, எங்களுக்கெல்லாம் பெருமைதான். கூலி சேலைக்கு இவ்வளவு என்று கையில் தருவார்கள். ரசீது கிடையாது, வங்கிக் கணக்கு கிடையாது. அம்மா செய்தது இந்தத் தலா உற்பத்தியில் இருக்கிறதா? முடிச்சுக்கு நடுவே எழுந்து சோறு வடிக்கிறாரே, அது இருக்கிறதா?

பரங்குன்றம்

முடிச்சு இருக்கிறது, ஆனால் மதிப்பீடாக. அமைப்புசாராத் தொழிலில் ஒவ்வொருவரையும் எண்ண முடியாததால், மாதிரிக் கணக்கெடுப்பு எடுத்து ஓர் ஆளுக்கு இவ்வளவு என்று கண்டுபிடித்து, ஆள் எண்ணிக்கையால் பெருக்குவார்கள். சோறு இல்லை. வயலில் விளைந்து வீட்டுக்கு வைத்துக்கொண்ட நெல் கணக்கில் உண்டு, சொந்த வீட்டில் குடியிருந்தால் அதற்குக்கூட வாடகை மதிப்புப் போட்டுச் சேர்ப்பார்கள். வடித்த சோற்றுக்கு மட்டும் கதவு சாத்தியிருக்கிறது. 2019-ல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்கிற பெண் அதற்கு நாளொன்றுக்கு 299 நிமிடமும் ஆண் 97 நிமிடமும் செலவிடுவதாக வந்தது. ஐந்து மணி நேரம் அம்மா, ஒவ்வொரு நாளும்.

இதில் நாடுகளை ஒப்பிடும்போது ஒரு கோணல் உண்டு. ஜப்பானில் ஒருவர் மதியம் கடையில் வாங்கிச் சாப்பிடுவது உற்பத்தி. நம் வீட்டிலிருந்து தூக்குவாளியில் போகும் சாப்பாட்டில் அரிசியும் பருப்பும் மட்டும் உற்பத்தி. பெண்கள் சம்பள வேலைக்குக் குறைவாகப் போகிற நாடு ஏட்டில் தன் நிலையைவிட ஏழையாகத் தெரியும்.

கப்பலூர் பட்டறை

மாவட்டக் கணக்கு பற்றி யாராவது சொல்லுங்கள். தமிழ்நாட்டின் தனிநபர் வருமானம் இந்தியச் சராசரியைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல், பீகாரைப் போல ஐந்து மடங்கு அளவு என்கிறார்கள். தமிழ்நாட்டுக்குள்ளே சென்னையைச் சுற்றி ஒரு நாடு, தெற்கே ஒரு நாடு என்பதுதான் பட்டறையில் உட்கார்ந்திருக்கும் எனக்குத் தெரிகிறது. என்னிடம் தொழில் பழகிய பையன்கள் ஒரகடத்துக்கும் ஓசூருக்கும்தான் போகிறார்கள். பழக்கிவிடும் செலவு மதுரையில், உற்பத்தி அங்கே.

பரங்குன்றம்

மாநிலப் பொருளியல், புள்ளியியல் துறை மாவட்ட வாரியாகக் கணக்குப் போடுகிறது. ஆனால் மாவட்ட அளவில் கயிறு இன்னும் தளர்வு. ஒரு நிறுவனத்தின் தலைமையகம் சென்னையில், கிளைகள் முப்பது மாவட்டத்தில் என்றால் பிரித்துப் போடுவதே ஒரு மதிப்பீடுதான். வகுக்கிற எண்ணும் பழசு. மதுரை மாவட்டத்துக்கு 30.38 லட்சம் பேர் என்பது 2011 கணக்கெடுப்பு. அடுத்தது 2027 மார்ச் 1 நிலவரப்படிதான் வரும். அதுவரை வகுப்பதெல்லாம் உத்தேச மக்கள்தொகையால்.

1867-68-க்கு இந்தியருடைய தலா வருமானம் வருடத்துக்கு 20 ரூபாய் என்று தாதாபாய் நவ்ரோஜி கணக்குப் போட்டார். மாகாண வாரியாக விளைச்சல், விலை என்று கிடைத்ததைப் பொறுக்கி எடுத்துக் கூட்டிய எண். சிறைக் கைதிக்கு ஆகும் சாப்பாட்டுச் செலவோடு அதைப் பக்கத்தில் வைத்துக் காட்டினார். எண்ணில் எத்தனை ஓட்டை இருந்தாலும் அதை எதற்காகப் போடுகிறோம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அதனால் உங்கள் மகளிடம் இந்த எண்ணை உதறச் சொல்லாதீர்கள். எந்த மண், யாருக்குச் சொந்தம், எந்த விலை, எத்தனை தலை என்று நாலு கேள்வி கேட்டுவிட்டு எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

வைகை வடகரை

எல்லோருக்கும் நன்றி. ராத்திரி பன்னிரண்டு வரை உட்கார்ந்து படித்தோம். மகள் மண்டிப் பேரேட்டின் பழைய தாள் ஒன்றில் சுங்குடிச் சேலையை வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறாள். துணி 400 ரூபாய் என்று வைத்துக்கொண்டாள், முடிச்சுக் கூலி 150, சாயப் பட்டறைக்கு 100, கடையில் விற்பது 900, ஆகக் கடைக்காரர் சேர்த்தது 250. விற்ற விலையை எல்லாக் கட்டத்திலும் கூட்டினால் ஒன்றையே திரும்பத் திரும்ப எண்ணுவோம், அவரவர் சேர்த்ததை மட்டும் கூட்ட வேண்டும் என்று அவளே கண்டுபிடித்துவிட்டாள். கூட்டினால் 900 சரியாக வந்தது. கடைசி வரியில் 'சோறு: 0' என்று எழுதி அதைச் சுற்றிக் கட்டம் போட்டிருக்கிறாள்.

முடிச்சுக் கூலி 150 என்பது அவள் போட்ட குத்துமதிப்பு. உண்மையில் எவ்வளவு, ஒரு சேலைக்கு எத்தனை நாள் என்று தெரிந்துகொள்ள வேண்டுமாம். சுங்குடித் தங்கச்சி, ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்குத் தோதுப்படுமா? நாங்கள் பத்து மணிக்கு வருகிறோம். மேலூர்த் தம்பி, நீ சொன்ன விடுதி அறைக் கணக்கையும் முடிந்தால் கொஞ்சம் விரித்து எழுது, அவள் அதற்கு ஒரு பக்கம் காலியாக விட்டு வைத்திருக்கிறாள்.

சுங்குடி முடிச்சு

தாராளமாக வாங்க அண்ணே. அம்மாவிடம் சொல்லிவிட்டேன். பாதி முடிச்சுப் போட்ட சேலை ஒன்று இருக்கிறது, மீதியைப் பாப்பா வந்து பார்க்கட்டும் என்று எடுத்து வைத்திருக்கிறார்.